பால்வாடியில் முறை வைத்து உதவும் பெற்றோருக்கு என்ன பயிற்சி வேண்டும்?



மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்துவிட்டால் வல்லம் வட்டாரத்தில் பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் விடியற்காலையிலேயே கொல்லைக்குக் கிளம்பி விடுகிறீர்கள். பெரிய பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இரண்டு, மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகள் எங்கே இருக்கும்? பால்வாடியில் இருக்கும். இல்லையென்றால் கண் தெரியாத பாட்டியிடமோ, வரப்பு மேலே புடவை விரித்தோ இருக்கும். அந்த நாட்களில்தான் பால்வாடியில் கூட்டம் அதிகம். அதே நாட்களில் ஆயாம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, டீச்சரம்மா கூட்டத்துக்குப் போக வேண்டி வந்தாலோ இருபது பிள்ளைகளை ஒரே ஆள் பார்க்க வேண்டி வருகிறது.

இப்படிப்பட்ட நேரங்களில் பெற்றோரே முறை வைத்துக்கொண்டு வந்து கைகொடுக்கலாமே என்ற எண்ணம் பல ஊர்களில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், "பிள்ளை பெத்தவளுக்குப் பிள்ளை பாக்கத் தெரியாதா? இதுக்கு எதுக்குப் பயிற்சி?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

தன் பிள்ளை ஒன்றைப் பார்ப்பது வேறு, பிறர் பிள்ளைகள் இருபது பேரைப் பார்ப்பது வேறு. உங்கள் பிள்ளைக்கு எது ஒவ்வாது, எப்போது தூக்கம் வரும், எந்த அழுகை பசி அழுகை, எந்த அழுகை வீம்பு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி அது தெரியாது. வீட்டில் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்தால் ஆபத்து ஒரு பிள்ளைக்கு. அங்கே கண்ணயர்ந்தால் யாருக்கு என்றே தெரியாது.

பெற்றோர் நடத்தும் பள்ளிகள்

இது புதுசாக யாரோ கண்டுபிடித்த யோசனை இல்லை. அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து, கூட்டுறவு முறையில் ஒரு சிறுவர் பள்ளி தொடங்கினார்கள். முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. நியூசிலாந்து நாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வெலிங்டன் நகரத்துத் தாய்மார்கள் இதே போல் விளையாட்டு மையம் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1961இல் பெல் டுட்டேவ் என்ற தாய் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பெற்றோர் விளையாட்டுக் குழுக்களின் சங்கமே பிறந்தது.

நியூசிலாந்துக்காரர்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. வெறும் ஆர்வம் போதாது என்று கண்டு, பெற்றோருக்கென்றே படிப்படியாகப் பாடத்திட்டம் வகுத்தார்கள். பயிற்சி முடித்த பெற்றோர் போதுமான அளவு இருந்தால்தான் அங்கே மையம் நடக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2016 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் காப்பகத்தில் தொண்டு செய்ய வருகிறவர் தட்டம்மை, கக்குவான் இருமல், இன்புளுவென்சா ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊதியம் வாங்காமல் உதவ வருகிறவரிடம்கூட ஊசி போட்டாயா என்று கேட்கிறார்கள். கைக்குழந்தையைக் கக்குவான் இருமல் என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவர்கள் இதை அதிகப்படி என்று சொல்ல மாட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் ஊர்ப் பெண்கள் குழுக்களுக்கும் பங்கு இருந்தது. மாவு வறுப்பதும் இடிப்பதும் உருண்டை பிடிப்பதும் ஊர்ப் பெண்களே செய்த இடங்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி கையால் தயாரான உருண்டையைச் சந்தேகப்படாமல் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயசுப் பிள்ளையிலிருந்தே சோறு போட்டது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அதற்கும் முன்பே, 1975 அக்டோபர் 2இல், நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியிருந்தது. இன்று உங்கள் ஊரில் அங்கன்வாடி என்று பலகை மாட்டியிருப்பது அந்தத் திட்டத்தின் கிளைதான். பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன, நமக்கு அது பால்வாடிதான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பால்வாடி அரசாங்க மையம். அங்கே பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளருடையது. நீங்கள் போவது அவருக்குத் துணையாக. அவர் இல்லாத நேரத்தில் நீங்களே திறந்து நடத்துவதற்கு இல்லை. அவரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லி, அனுமதி பெற்றுத்தான் முறை வைக்க வேண்டும். பத்துக் குடும்பம் சேர்ந்து தனியாக ஒரு சிறுவர் பள்ளி நடத்தலாம் என்று நினைத்தாலும், 2015இல் தமிழக அரசு விளையாட்டுப் பள்ளிகளுக்கென விதித்தொகுப்பு கொண்டுவந்ததை நினைவில் வையுங்கள். கட்டடம், கழிப்பறை, ஆட்கள் எல்லாம் சரிபார்த்து அனுமதி வாங்காமல் கூரை போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது.

போவதற்கு முன்னால் உங்கள் உடம்பு

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளாமல் பிள்ளைகள் நடுவே உட்காரக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். காசநோய் என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தைத் தொடங்கி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வரலாம். வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, கண்வலி, கையில் சீழ்ப்புண் இருக்கும் நாட்களில் உங்கள் முறையை இன்னொருவருக்கு மாற்றி விடுங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் டீச்சரம்மாவிடம் மறைக்காதீர்கள். வேப்பிலை செருகுவது உங்கள் நம்பிக்கை, அதை யாரும் தடுக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை, கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டி உலரும் வரை பால்வாடிக்கு வராமல் இருந்தால் போதும்.

கை கழுவுவது பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகையால் யாரும் செய்வதில்லை. சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின்பும், சோறு தொடுவதற்கு முன்பும் இது கட்டாயம். முந்தானையில் துடைத்துக்கொண்டால் கழுவின பலன் போச்சு.

மல்லாட்டை தொண்டையில் அடைத்தால்

இந்தப் பகுதியைக் கணவன் மனைவி இருவரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் வட்டாரம் மல்லாட்டை விளையும் பூமி. வீடெல்லாம் மூட்டை, திண்ணையெல்லாம் கொட்டை. சின்னப் பிள்ளை மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் பொருள்களில் முன்னால் நிற்பது இந்த மல்லாட்டைப் பருப்புத்தான். ஏன் தெரியுமா? பிள்ளைக்கு முன்பல் சீக்கிரம் வந்துவிடுகிறது, அரைக்கும் கடைவாய்ப்பல் பிறகுதான் வருகிறது. பருப்பைக் கடிக்கும், அரைக்கத் தெரியாது. வாயில் போட்டுக்கொண்டு ஓடும், சிரிக்கும், விழுந்து அழும். அழும்போது மூச்சை இழுக்கும். அந்த இழுப்பில் பருப்பு உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

பருப்பு பெரிசாக இருந்து வழியை முழுவதும் அடைத்தால் பிள்ளைக்குச் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது. உதடு நீலம் பாயும். சில நிமிஷம்தான் அவகாசம். பாதி அடைத்தால் இருமும், மூச்சு விசிலடிக்கும். இன்னொரு விதமும் உண்டு, அதுதான் ஏமாற்றும். கொஞ்ச நேரம் இருமிவிட்டுப் பிள்ளை சாதாரணமாகிவிடும். "போச்சு, முழுங்கிடுச்சு" என்று நாம் இருந்துவிடுவோம். பருப்போ கீழே ஒரு பக்கத்து நுரையீரலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மல்லாட்டையின் எண்ணெய் அங்கே புண்ணாக்கும். வாரக்கணக்கில் இருமல், ஒரு பக்கம் மட்டும் இழுப்பு, சளிக்காய்ச்சல் என்று திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்ரே படத்தில் பருப்பு தெரியாமல் போகலாம். ஆகவே டாக்டரிடம் போகும்போது, "பதினைந்து நாளுக்கு முன்னால் மல்லாட்டை தின்னும்போது புரையேறியது" என்று நீங்கள்தான் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பாதி வைத்தியம்.

அடைத்தால் என்ன செய்வது? பிள்ளை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். இருமலை விட நல்ல மருந்து அப்போது கிடையாது. தண்ணீர் ஊற்றாதீர்கள், வாழைப்பழம் திணிக்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்காதீர்கள். வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவாதீர்கள், பருப்பு இன்னும் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம்.

இருமல் நின்று, சத்தமும் நின்றுவிட்டதா? உடனே செயல்பட வேண்டும். ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையை உங்கள் முன்கைமேல் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்வாக இருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டுத் தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேல், நெஞ்செலும்புக்குக் கீழ் ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் பிடித்து, உள்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் ஐந்து முறை இழுத்து அழுத்த வேண்டும். இன்னொருவர் அதே நேரத்தில் 108க்குப் போன் செய்ய வேண்டும். பருப்பு வெளியே வந்துவிட்டாலும், வயிற்றை அழுத்திய பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டிவிடுவது அவசியம்.

இவ்வளவும் தாளில் படித்து வருவதில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, துணிப் பொம்மையில் நாலு தடவை செய்து பார்க்க வேண்டும். பிள்ளை மேல் செய்து பழகக் கூடாது, பொம்மை மேல்தான். பிள்ளை நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முறையையும் அதே நாளில் அவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட லேசான வழி ஒன்று இருக்கிறது. ஐந்து வயசுக்குள் முழு மல்லாட்டை வேண்டாம். வறுத்து, தோல் போக்கி, மாவாக இடித்து, வெல்லம் சேர்த்து உருண்டையாகக் கொடுங்கள். சத்து அப்படியேதான் இருக்கிறது. புளியங்கொட்டை, நாணயம், சட்டைப் பொத்தான், பொம்மைக்குள் இருக்கும் தட்டைப் பேட்டரி ஆகியவையும் தரையில் கிடக்கக் கூடாது. பேட்டரியை விழுங்கினால், ஒன்றும் ஆகவில்லை என்பதுபோல் இருந்தாலும், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். ஆகையால் உங்கள் முறை நாளில் முதல் வேலை, டீச்சரம்மாவோடு சேர்ந்து தரையைக் குனிந்து பார்ப்பது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து பாருங்கள்.

சமையல்கட்டு

ஜூலை 16 என்ற தேதிக்கு என்ன சாபமோ தெரியவில்லை. 2004ஆம் ஆண்டு அதே நாளில் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மேலே வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. 2013ஆம் ஆண்டு அதே நாளில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்து ஒரு கிராமப் பள்ளியில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயின் வாசம் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் கேட்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

இது நமக்குத் தொலைதூரத்துக் கதை இல்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்து அடிக்காத வீடு எது? காலி மருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய், எண்ணெய், தண்ணீர் பிடித்துவைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. எத்தனை கழுவினாலும் அந்த டப்பா டப்பாதான். ஓட்டை போட்டு நசுக்கி ஒழித்துவிடுங்கள். பால்வாடிக்கு ஏதாவது கொடுக்க நினைத்து வீட்டு எண்ணெயோ மாவோ கொண்டுபோகும்போது, அது எந்தப் பாத்திரத்தில் இருந்தது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்று முறைக்கு வந்திருக்கும் தாயோ தகப்பனோ அதைச் செய்யலாம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தபின் பரிமாறினால் போதும். வாசமோ ருசியோ மாறியிருந்தால், "என்னவோ மாதிரி இருக்குது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

சூடான சாம்பார்க் குண்டான் வரும்போது பிள்ளைகள் சுற்றி ஓடக் கூடாது. முதலில் வரிசையாக உட்காரவைத்துவிட்டு, பிறகு குண்டானைக் கொண்டுவாருங்கள். முறைக்கு வருகிற பெற்றோர் அடுப்பங்கரையில் நிற்பதைவிட, அடுப்பங்கரைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்பதே மேல். சுட்டுவிட்டால் சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் பூசாதீர்கள். வாரம் 3 முட்டை உங்கள் பிள்ளைக்கு உண்டு, அது பிள்ளையின் தட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பதும் உங்களுக்குக் கிடைக்கும் ஓர் உரிமை. அதைச் சண்டையாகச் செய்யாமல் கவனமாகச் செய்யலாம்.

கண் எங்கே இருக்க வேண்டும்

பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது கூச்சல் போடாது. சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டாது. அமைதியாக உள்ளே போய்விடும். ஒரு வாளித் தண்ணீரே தவழும் பிள்ளைக்கு ஆபத்து. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளும், மழைக்காலத்துக் குட்டைகளும் நம் ஊர்ப்பக்கம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பிள்ளைகளைத் தலை எண்ணுவது ஒரு கலை. வந்தவுடன் ஒரு தடவை, சோற்றுக்கு உட்காரும்போது ஒரு தடவை, தூங்கவைக்கும்போது ஒரு தடவை, எழுந்தபின் ஒரு தடவை. எண்ணிக்கையை வாயால் சொல்லி டீச்சரம்மாவிடம் ஒப்புவிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போனவன் திரும்பி வந்தானா என்பதுதான் எப்போதும் விட்டுப்போகும். செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள்.

பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. பிள்ளையை அசையாமல் தூக்கிக்கொண்டு 108 வண்டியில் செஞ்சி அல்லது திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மந்திரிப்பவரிடம் போகும் நேரத்தில் விஷமுறிவு மருந்து ஏறியிருக்கும்.

இன்னொரு விதியும் பயிற்சியில் சொல்லித் தரவேண்டியது. எந்தப் பெரியவரும், ஆணோ பெண்ணோ, ஒரு பிள்ளையோடு மூடின அறையில் தனியாக இருக்கக் கூடாது. கால் கழுவிவிடுவதானாலும் கதவு திறந்திருக்கட்டும், இன்னொருவர் கண்ணில் படட்டும். இது யார் மேலும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்கள் பேருக்கும் பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையிடம் தவறு நடந்தது தெரிந்தும் மறைப்பது குற்றம். சந்தேகம் வந்தால் 1098 என்ற எண் இருக்கிறது.

அடிக்காமல் அடக்குவது

"ரெண்டு போடு போட்டா அடங்கிடும்" என்பது நம் ஊர்ப் பழக்கம். பால்வாடியில் அது கூடாது, பிறர் பிள்ளை மேல் கை வைக்கவே கூடாது. "பூச்சாண்டி புடிச்சிக்கும், ஊசி போட்டுடுவேன்" என்றும் மிரட்ட வேண்டாம். ஊசி என்று மிரட்டி வளர்த்த பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரும்போது செவிலியர் படும் பாடு எனக்குத் தெரியும்! கடிக்கிற பிள்ளையை மெதுவாகப் பிரித்து, வேறு விளையாட்டில் விடுங்கள். மூன்று வயசுப் பிள்ளைக்குக் கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை, அதனால்தான் பல் பேசுகிறது.

"எம் பொண்ணு ரெண்டரை வயசுலயே ஏபிசிடி சொல்லுது" என்று பெருமைப்படும் அப்பாக்கள் உண்டு. பெருமைப்படட்டும். ஆனால் முறைக்கு வந்த அன்று எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து எழுதச் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது, பேரிலேயே விஷயம் இருக்கிறது. கொட்டாங்கச்சியில் மணல் அளப்பது, இலைகளைப் பெரிசு சிறிசாக அடுக்குவது, பனங்காய் வண்டி ஓட்டுவது, கதை கேட்பது இவைதான் அந்த வயசுப் படிப்பு. இங்கே உங்களிடம் இருக்கும் சொத்து டீச்சரம்மாவிடம்கூட இருக்காது. ஏற்றம் இறைத்த தாத்தா வந்து ஏற்றத்தைக் கையால் நடித்துக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். முறுக்குப் பிழிகிற அம்மா மாவு உருட்டக் கொடுத்தால் பிள்ளைகளின் விரலுக்குப் பலம். பிள்ளை ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சு அப்படித்தான் வளரும்.

எடை அட்டையும் வாயடக்கமும்

மாதா மாதம் எடை போடும் நாளில் உதவிக்கு இரண்டு பேர் இருந்தால் டீச்சரம்மாவுக்குப் பெரிய ஒத்தாசை. செருப்பு, கொலுசு, கனமான துணி எடுத்துவிட்டு நிறுக்க வேண்டும். தராசு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புஜத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கையில், ஆறு மாதம் முதல் ஐந்து வயசு வரை 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான மெலிவு. அந்தப் பிள்ளை உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். 11.5 முதல் 12.5க்குள் என்றால் கவனம் தேவை. ஒரு மாத எடையை விட, போன மாதத்திலிருந்து ஏறியிருக்கிறதா என்பது முக்கியம்.

இப்போது கஷ்டமான பயிற்சிக்கு வருகிறேன். யார் பிள்ளை எடை குறைந்தது, யார் பிள்ளை இன்னும் படுக்கையில் மூத்திரம் போகிறது, யார் வீட்டில் கணவன் குடித்துவிட்டு வந்ததைப் பிள்ளை சொன்னது இதெல்லாம் அன்று உங்கள் காதில் விழும். அது குழாயடிக்கு வரக் கூடாது. வந்தால் அந்தத் தாய் மறுநாள் பிள்ளையை அனுப்ப மாட்டாள். சத்துமாவும் நின்றுபோகும், வைட்டமின் ஏ திரவமும் நின்றுபோகும். மெலிந்த பிள்ளைதான் வீட்டிலேயே இருந்துவிடும். முறைக்கு வர ஆள் எடுக்கும்போது, நன்றாகச் சமைக்கிறவரைவிட வாயடக்கம் உள்ளவரை முதலில் எடுங்கள் என்பது என் கருத்து.

தகப்பன்மாருக்கும் முறை உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு, "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பிரசுரத்தை மனைவி கையில் கொடுக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. வேலி கட்டுவது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்வது மட்டும் உங்கள் பங்கு இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்லும் முறையும் உங்களுக்கு உண்டு. சொன்னபடி பொம்மையில் முதுகு தட்டும் பயிற்சிக்கும் இருவரும் சேர்ந்தே வாருங்கள். கொல்லையில் பிள்ளைக்குப் புரையேறும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்றிருக்கும் தாய் முறைக்கு எப்படி வருவாள்? ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் மூன்று ஆண்டாவது இடைவெளி இருந்தால் மூத்த பிள்ளை பால்வாடிக்கு நடந்து போகும் வயசாகிவிடும், தாயின் இரத்தமும் ஊறிவிடும். பிரசவத்தோடு போட்டுக்கொள்ளும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, நிரோத் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். எது ஏற்றது என்று கணவன் மனைவி சேர்ந்து போய்க் கேளுங்கள்.

எப்படித் தொடங்குவது

அறுவடைக்கு ஒரு மாதம் முன்னாலேயே பேச்சை எடுங்கள். அறுவடை நடுவில் எடுத்தால் யாரும் வரமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பம் சம்மதித்தால் போதும். டீச்சரம்மாவிடம் சொல்லுங்கள், அவர் மேற்பார்வையாளரிடம் சொல்வார். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிக்கு வரும் நாளில், மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கென்று கேளுங்கள். ஒரே நாளில் எல்லாம் முடியாது. முதல் நாள் கை கழுவுவதும் புரையேறினால் செய்வதும், அடுத்த தடவை சமையல்கட்டும் எடை போடுவதும், மூன்றாவது தடவை விளையாட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். பயிற்சி முடித்த பிறகும் முதல் மூன்று முறை நாட்களில் நீங்கள் வேடிக்கை பார்க்க மட்டும் போகிறீர்கள். டீச்சரம்மா ஒரு பிள்ளையை எப்படிச் சமாதானப்படுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருங்கள். அந்த நாட்களில் உங்கள் பிள்ளை உங்கள் மடியை விட்டு இறங்காது, எல்லாவற்றுக்கும் "எங்கம்மா" என்று உரிமை கொண்டாடும். நாலாவது தடவை தானாக இறங்கி விளையாடப் போய்விடும்.

ஒரு நாளைக்கு இரண்டு பேர் முறை என்று வையுங்கள். ஒருவர் வராமல் போனாலும் ஒருவர் இருப்பார். முறைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிப் பால்வாடிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே 108, 1098, செவிலியரின் எண், ஊரில் வண்டி வைத்திருப்பவர் எண் நான்கையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மைப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும், கை மறந்துவிடும். முதல் பயிற்சிக்கு வரும்போது, பழைய துணியை உருட்டிக் கட்டி, கைக்குழந்தை அளவில் ஒரு பொம்மையும், மூன்று வயசுப் பிள்ளை அளவில் ஒரு பொம்மையும் செய்து கொண்டுவாருங்கள். தலையும் கழுத்தும் தெரிகிற மாதிரி கட்டியிருந்தால் நல்லது.